எல்லையோர மண் – 9: 130 சென்டிமீட்டர்

சென்ற அத்தியாயத்தில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் என்ற நம் வட்டாரம் திப்பு சுல்தானின் கையைவிட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போன கதையைப் பார்த்தோம். அந்தக் கதையைச் சொல்வது சுலபம். எதற்கும் தாள் இருந்தது. அலெக்சாண்டர் ரீடு எழுதி வைத்த நிலவரிக் கணக்கு, அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோவின் கடிதங்கள் என்று கைக்கெட்டும் தூரத்தில் சாட்சிகள் இருந்தன. இந்த வாரம் நாம் இறங்கப் போகிற காலத்துக்குத் தாள் இல்லை, ஓலை இல்லை, கல்லில் வெட்டிய ஒற்றை எழுத்துகூட இல்லை. மார்பளவு மண் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

இடம் மயிலாடும்பாறை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், பர்கூர் பக்கம், தொகரப்பள்ளியை ஒட்டியிருக்கிறது. மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் கருங்கல் குன்றுகளுமாகக் கிடக்கும் நிலம். குட்டூர், சந்தூர், கங்காவரம் என்று அக்கம்பக்கத்து ஊர்கள் பலவும் தொல்லியல் குறிப்பேடுகளில் இடம்பெற்றவை. பாறை ஓவியம், இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடு, உயிரோடு இருந்தவர்கள் குடியிருந்த வாழ்விடம் ஆகிய மூன்றும் மயிலாடும்பாறையில் சேர்ந்தே இருக்கின்றன. இப்படி அமைவது அபூர்வம். தமிழ்நாட்டில் கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அவற்றைக் கட்டியவர்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. கல்லில் கட்டிய சாவு வீடு நின்றுவிட்டது. மண்ணிலும் கழியிலும் கட்டிய வாழ்வு வீடு கரைந்துபோய்விட்டது.

2003இல் பேராசிரியர் கா. ராஜன் இங்கே அகழாய்வு செய்தார். பிறகு 2021இல் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை மீண்டும் குழி போட்டது. அந்த ஆண்டு ஈமக்காட்டுப் பகுதியில் 70 சென்டிமீட்டர் நீள இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. நாளிதழ்களில் படத்தோடு வந்த செய்தி அது. ஆனால் வரலாற்றை நகர்த்தியது வாள் இல்லை. வாழ்விடக் குழியில் கிடைத்த கரித்துண்டுகள்தான். ஒன்று 104 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது, இன்னொன்று 130 சென்டிமீட்டரில் எடுத்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா ஆய்வகத்துக்கு அவற்றை அனுப்பினார்கள். மேலே இருந்த கரிக்கு கி.மு. 1615 என்றும், கீழே இருந்த கரிக்கு கி.மு. 2172 என்றும் காலம் வந்தது. 2022 மே 9 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் இதை அறிவித்தார்: தமிழ்நாட்டில் இரும்பின் வயது 4200 ஆண்டுகள்.

கரியின் வயது எப்படி இரும்பின் வயதாகும்? வாசகர் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதான்.

அகழாய்வுக் குழி கிணறு வெட்டுவதுபோல் வெட்டப்படுவதில்லை. முதலில் நிலத்தின் மேல் கயிறு கட்டிக் கட்டம் போடுகிறார்கள். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று ஒரு சதுரம். அதை நான்காகப் பிரித்து, இரண்டு குழிகளுக்கு நடுவே தோண்டாத ஒரு மண் வரப்பை விட்டுவிடுகிறார்கள். வயலில் வரப்பு நடப்பதற்கு. இங்கே வரப்பு படிப்பதற்கு. குழி ஆழமாக ஆக, அந்த வரப்பின் பக்கச்சுவரில் மண்ணின் அடுக்குகள் தெரியத் தொடங்கும். உழவு பட்டுக் கலங்கிய மேல்மண், அதன்கீழ் பழுப்பு, அதன்கீழ் சாம்பல் கலந்த ஒரு கீற்று, மறுபடி பழுப்பு, கடைசியில் மனிதர் கால் படாத இயற்கை மண். இதை அளவெடுத்துத் தாளில் வரைவார்கள். கண்ணெதிரே இருக்கிற சுவரைப் படம்பிடித்தால் போதாதா என்று தோன்றும். வரைகிற கைதான் கவனிக்கும். பின்னாளில் எவரோ குப்பை கொட்டத் தோண்டிய குழி, எலி வளை, மரவேர் இறங்கிய தடம் எல்லாம் அந்தச் சுவரில் வேறு நிறமாகத் தெரியும். அந்த வளைக்குள் விழுந்த மேல்மண் பொருள் ஒன்று, நானும் கீழ்மண்தான் என்று பொய் சொல்லக் காத்திருக்கும். அதைப் பிடிக்கத் தெரிந்தவர்தான் அகழாய்வாளர்.

தோண்டும் வேலை கடப்பாரையில் தொடங்கிக் கரணையிலும் தூரிகையிலும் முடிகிறது. அன்னக்கூடையில் அள்ளிய மண்ணைச் சல்லடையில் சலிக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருகிறவர்கள். கேழ்வரகில் கல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மணியும் சில்லும் தப்புவதில்லை. நான் பார்த்த குழிகளில் எல்லாம், இது ஏதோ ஒன்று என்று முதலில் கையைத் தூக்கியவர் இப்படி ஒருவராகத்தான் இருந்தார். அறிக்கைகளில் இவர்கள் பெயர் அரிதாகவே வருகிறது. வர வேண்டும்.

கரித்துண்டை மட்டும் வெறுங்கையால் தொடக் கூடாது. கையில் உள்ள எண்ணெய்ப்பசையிலும் கார்பன் உண்டு. அது இன்றைய கார்பன். சுத்தமான கருவியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், என்றைக்கு எடுத்தது என்று சீட்டு எழுதி மூடுகிறார்கள். சீட்டு தொலைந்தால் கரியும் தொலைந்த கணக்கு. அதை அடுப்பில்தான் போடலாம்.

உயிரோடு இருக்கும்வரை மரம் காற்றிலிருந்து கார்பனை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கக் கார்பன் 14. மரம் செத்ததும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் நடக்கும். 5730 ஆண்டுகளில் இருப்பு பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் மரம் எப்போது செத்தது என்று கணக்கிடலாம். சிகாகோவில் வில்லார்ட் லிபி 1949இல் இதை நிறுவிக் காட்டினார், 1960இல் நோபல் பரிசு பெற்றார். அன்று ஒரு கைப்பிடிக் கரி வேண்டியிருந்தது. இன்று ஏ.எம்.எஸ். முறையில் அணுக்களை நேரடியாக எண்ணுவதால் அரிசி அளவுத் துண்டு போதும். ஆய்வகம் ஒற்றை ஆண்டைச் சொல்வதில்லை. இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடையே என்றுதான் சொல்லும். நாம் வாயில் சொல்லும் ஒற்றை எண் அந்த இடைவெளியின் சுருக்கம்.

ஆக, ஆய்வகம் சொல்வது மரம் செத்த காலம். இரும்பைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கரியையும் இரும்பையும் சேர்த்து வைப்பது மண்ணடுக்கு ஒன்றுதான். கலங்காத ஒரே அடுக்கில் இரண்டும் கிடந்தன, ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் மண்ணுக்குப் போயின. இவ்வளவுதான் தர்க்கம். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நூறு வருஷம் நின்ற மரத்தின் உள்வயிரம் எரிந்திருந்தால், எரித்த நாளைவிட மூத்த வயதை அது காட்டும். அதனால்தான் மயிலாடும்பாறையில் ஒன்றுக்கு இரண்டாகக் காலம் கிடைத்ததும், மேலே இருந்தது இளையதாகவும் கீழே இருந்தது மூத்ததாகவும் வரிசை பிறழாமல் வந்ததும் முக்கியம். இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று பார்க்காமலே ஒரே வரிசையைச் சொன்னார்கள்.

இப்போது அந்த எண்களைக் கழித்துப் பாருங்கள். 130க்கும் 104க்கும் இடையே 26 சென்டிமீட்டர். 2172க்கும் 1615க்கும் இடையே 557 ஆண்டுகள். மண் எல்லாக் காலத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை என்பதால் இதை வாய்ப்பாடாகக் கொள்ள முடியாது. ஆனாலும் மனதில் நிறுத்திக்கொள்ள உதவும்: ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான மண்ணுக்குள் ஐந்தரை நூற்றாண்டு. சோழர்கள் தஞ்சையில் எழுந்து, ஓங்கி, ஓய்ந்த காலத்தைவிட நீண்டது அது.

இதைவிட என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. காலம் கணித்த அந்த மட்டத்துக்கும் கீழே இன்னும் 25 சென்டிமீட்டர் மனித வாழ்வின் மண் இருந்தது. அது புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டம். கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிய கோடரி வைத்திருந்த மக்களின் மண். அதை வைத்துத்தான் தமிழ்நாட்டில் பிந்தைய புதிய கற்காலம் கி.மு. 2200க்கு முன்பே தொடங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதோடு, கருப்பு-சிவப்புப் பானை என்று நாம் அறிந்த அந்தப் பானை இரும்போடு கைகோத்து வந்தது என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். இங்கே அது இரும்புக்கு முந்திய கற்கால மண்ணிலேயே தலைகாட்டியது. உள்ளும் வாயும் கருப்பு, வெளியே உடல் சிவப்பு. சூளையில் கவிழ்த்து அடுக்கி, காற்றுப் படாத பக்கம் கருக்க, காற்றுப் பட்ட பக்கம் சிவக்கச் சுடுகிற நுட்பம். தீயையும் காற்றையும் அந்த அளவுக்கு ஆளத் தெரிந்த குயவரின் கை பழகிய ஊரில்தான் பின்னால் இரும்பு வந்தது. உலைக்களம் திடீரென்று வானத்திலிருந்து இறங்கவில்லை, சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்தது என்று நான் நம்ப விரும்புகிறேன். இது என் ஊகம். மண் சொன்னது பானை முந்தியது என்பது மட்டும்.

இந்த எண்கள் எவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கின்றன என்பதைச் சொல்ல, ஓசூரிலிருந்து வடமேற்கே சித்ரதுர்கா மாவட்டத்துக்குப் போக வேண்டும். 1947இல் அங்கே பிரம்மகிரியில் மார்ட்டிமர் வீலர் குழி போட்டார். அப்போது அவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். கார்பன் கணிப்பு பிறக்காத காலம். அதற்கு இரண்டாண்டு முன்னால் அரிக்கமேட்டில், ரோமானியப் பானைகளோடு சேர்ந்து கிடைத்த ஒருவகை உருட்டுக்கோட்டுப் பானைக்கு அவர் காலம் கண்டிருந்தார். அதே பானை பிரம்மகிரியின் மேலடுக்கிலும் கிடைத்தது. அந்த ஒரு முளையில் கயிற்றைக் கட்டிக் கீழே இறங்கினார். தென்னாட்டின் பெருங்கற்கால மக்கள், அதாவது இரும்பு மக்கள், ஏறத்தாழ கி.மு. 200இல் வந்தவர்கள் என்று முடிவு கட்டினார். இன்றைக்குப் பார்த்தால் எண் தப்பு. ஆனால் அவர் பிரித்த அடுக்குவரிசை தப்பவில்லை. கீழே கல், நடுவே இரும்பு, மேலே ரோமானிய வணிகக் காலம் என்ற அந்த வரிசை இன்றும் நிற்கிறது. வரிசையைக் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் பின்னால் வந்தவர்கள் எண்ணை மட்டும் மாற்ற முடிந்தது.

மாற்றினார்கள். 1960களில் கர்நாடகத்தின் ஹள்ளூரில் இரும்பு ஏறத்தாழ கி.மு. 1000 வரை போனது. பிறகு மேட்டூர் அருகே மாங்காட்டில் கி.மு. 1510. பிறகு மயிலாடும்பாறை. 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆய்வில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை கி.மு. 3345 என்று முன்னே வந்து நின்றது. மயிலாடும்பாறை முதலிடத்தை இழந்துவிட்டது என்று வருத்தப்பட்ட கிருஷ்ணகிரி நண்பர்கள் எனக்கு உண்டு. வருத்தம் வேண்டியதில்லை. பழமைப் போட்டியில் எந்த எண்ணும் நாளை தோற்கலாம். கற்கால மண்ணின்மேல் இரும்புக்கால மண் உட்கார்ந்திருப்பதை அடுக்கு கலையாமல் காட்டும் இடத்துக்குத் தோல்வி என்பதே இல்லை.

இந்த மக்கள் தனித்தீவாக இருந்தவர்கள் அல்லர். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில் பையம்பள்ளி இருக்கிறது. 1964-65இலும் 1967-68இலும் எஸ்.ஆர். ராவ் அங்கே அகழ்ந்தார். தேய்த்த கற்கோடரிகளோடு கரிந்த கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றும் இந்த மாவட்டத்துக் கொல்லைகளில் விளைகிற அதே தானியங்கள். அண்மையில் ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரிலும் புதிய கற்காலக் கருவிகள் வெளிப்பட்டிருக்கின்றன. இந்தப் புதிய கற்காலப் பண்பாட்டின் பெரும்பரப்பு கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் விரிந்து கிடக்கிறது. மாடு மேய்த்துக்கொண்டு பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் ஊர் வைத்தவர்கள் அவர்கள். மாநில எல்லையில் நிற்கும் அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடி அவர்களுக்கு இல்லை. நமக்குத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து அறிக்கை கன்னட நாட்டோடு நின்றுவிடுகிறது, இந்தப் பக்கத்து அறிக்கை தமிழ்நாட்டோடு நின்றுவிடுகிறது. தென்பெண்ணை மட்டும் நந்தி மலையில் பிறந்து எல்லைக்கோட்டைத் தாண்டி ஓசூருக்குள் வந்துகொண்டிருக்கிறது. அதன் இரு பக்கத்துப் பானையோடுகளையும் ஒரே மேசையில் பரப்பி உட்கார்ந்து பார்ப்பவர்கள் வேண்டும்.

மயிலாடும்பாறையில் குழி போட்ட அதே 2021இல்தான், போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை எழுந்தது. ஓசூரில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் கைப்பேசி உதிரிகளும் உருவாகின்றன. 2024இல் ஓசூருக்கு 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவிப்பு வந்தது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கேயே வேலை கிடைக்கிறது. கருங்கல் வெட்டவும் கேழ்வரகு அறுக்கவும் மட்டுமே கை இருந்த குடும்பங்கள் தலைநிமிர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓசூருக்கு வெளியே, மனைப்பிரிவுக்காக நிலம் சமப்படுத்திக்கொண்டிருந்த ஓரிடத்தில் நின்றேன். ஓரமாகப் பலகைக் கற்கள் குவிந்து கிடந்தன. ஒன்றில் வட்டமான இடுதுளை. கற்பதுக்கையின் கிழக்குக் கல்லாக இருந்திருக்க வேண்டும். எங்கே இருந்தது என்று ஜேசிபி ஓட்டிய பையனைக் கேட்டேன். கையை அகலமாக வீசினான், அந்தப் பக்கம் எங்கேயோ. பிறகு அவனே சொன்னான்: "அது பாண்டவர் வூடுண்ணா. எங்க பாட்டி அதும்மேல ஏற வுடமாட்டாங்க." அவன் குரலில் குற்றவுணர்ச்சி இருந்தது. குற்றம் அவனுடையது இல்லை. பாட்டிக்குத் தெரிந்திருந்த ஒன்றை நிலத்தின் வரைபடத்தில் யாரும் குறித்துக் கொடுக்கவில்லை.

மயிலாடும்பாறையின் 130 சென்டிமீட்டரையும் அதன்கீழ் 25 சென்டிமீட்டரையும் கூட்டினால் ஒன்றரை மீட்டர். ஜேசிபியின் வாளிக்கு அது ஓரிரண்டு வாரல். மாதக்கணக்கில் கரணையால் சுரண்டிப் பிரித்ததை ஒரு தேநீர் நேரத்தில் கலந்துவிடலாம். கலந்த மண்ணிலும் கோடரி கிடைக்கும், இரும்பு கிடைக்கும், கரி கிடைக்கும். பொருள் ஒன்றும் அழிந்துபோகாது. எதற்கு மேல் எது இருந்தது என்பது போய்விடும். பல மலையூர்களில் வழவழப்பான கற்கோடரிகளை மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். கும்பிட்டதால் அவை தப்பின, அதற்கு நன்றி. ஆனால் அந்தக் கோடரி எந்த மண்ணில் கிடந்தது என்று கேட்டால் மரத்தடிச் சாமி பதில் சொல்லாது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை உண்டு, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டும் நல்லவை. ஆனால் முதலாவது, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சின்னத்துக்குத்தான். இரண்டாவது, பொருளுக்கு. பெயரில்லாத ஈமக்காட்டுக்கும் மண்ணடுக்குக்கும் இவற்றில் இடமில்லை. இங்கிலாந்தில் 1990 முதல், கட்டடம் கட்ட விண்ணப்பிப்பவர் முதலில் அந்த நிலத்தைத் தொல்லியலாளர் பார்ப்பதற்கு வழி செய்ய வேண்டும் என்று திட்ட விதி மாறியது. செலவும் பெரும்பாலும் அவருடையதே. அதற்குப் பிறகு அங்கே நடந்த அகழாய்வுகளில் மிகப் பெரும்பகுதி சாலையும் வீடும் ஆலையும் வருவதற்கு முன்னால் நடந்தவைதான். கட்டடம் கட்டுவது அதனால் நின்றுபோகவில்லை. சில மாதம் பொறுத்துக் கட்டினார்கள்.

நம்மூரில் இதைத் தொடங்க ஆள் இல்லாமல் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு, ஆலமரத்தடி வேடியப்பனையும் ஏரிக்கரை நடுகல்லையும் தேடிப் போகிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஓய்வுபெற்ற ஊழியர்கள். கல்லைக் கழுவிப் படியெடுத்து, இடத்தின் அளவைக் கைப்பேசியில் குறித்து வைக்கிறார்கள். அந்தக் குறிப்புகள் நிலம் ஒதுக்குகிற மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுக்கும் நடுவே இன்று வழி இல்லை.

அகழாய்வு முடிந்தால் குழியைத் திறந்து போட்டுவிட்டுப் போவதில்லை. தளத்தில் தாள் விரித்து, எடுத்த மண்ணையே போட்டு மூடுகிறார்கள். மேட்டின் ஒரு பகுதியைத் தொடாமலே விடுவதும் நல்ல அகழாய்வின் வழக்கம். லிபியின் கைப்பிடிக் கரி இன்று அரிசியளவுத் துண்டாகியிருக்கிறது. நாளைக்கு வருகிறவர்களுக்குக் கரியே வேண்டாமல் போகலாம். கோடரி பிடித்த கையும் முதல் இரும்பைத் தொட்ட கையும் ஒரே குடும்பத்தின் கைகளா என்று அவர்களால் கேட்க முடியலாம். அப்படிக் கேட்கிறவர் வந்து நின்று, கயிறு கட்டி, மேல்மண்ணை நீக்கும்போது அந்த 25 சென்டிமீட்டர் அங்கே இருக்க வேண்டும்.

அடுத்த அத்தியாயத்தில் மல்லசந்திரம் குன்றில் ஏறுகிறோம். நூற்றுக்கு மேற்பட்ட கல்திட்டைகள் இன்னும் தம் இடத்திலேயே நிற்கும் குன்று அது.